ஒரு பழைய காரும் அதன் உறுப்புக்களும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது சங்கச் செய்யுள் பற்றியோ சமய குரவர் பற்றியோ ஒரு கட்டுரையாகவே இருந்திருக்கும். யாம் எழுதப் புகுந்ததோ, மரவேலைக் கூடத்துக்குப் பின்னாலுள்ள கொட்டகையில் நான்கு மரக்குற்றிகளின்மேல் நிற்கும் மோட்டார்க் கார் ஒன்றைப் பற்றி. ஆசிரிய கலாசாலையில் யாம் பயின்றது இலக்கணமும் கற்பித்தல் முறையுமேயன்றி இயந்திர நூல் அன்று. எனினும் அக்காரைத் திருத்தியமைக்கப் பழைய மாணவர் சங்கம் ஒரு குழுவை அமைத்தபோது, கடிதம் எழுதவும் கணக்குக் குறிக்கவும் ஒருவர் வேண்டுமென்று எம்மையும் அதிற் சேர்த்துக்கொண்டனர். சென்ற ஓராண்டுக்கு மேலாக உதிரிப்பாகம் தேடி அலைந்ததில் யாம் கண்டனவும் கேட்டனவும் எமக்கு ஓர் உறுதியான கருத்தைத் தந்துள்ளன. குழுவிலே அக்கருத்துச் சிறுபான்மையினதாக இருக்கின்றது. ஆதலின் அதனைப் பழைய மாணவர் அனைவர் முன்னும் வைக்க இம்மலரைப் பயன்படுத்திக்கொள்கின்றோம், குழுவினர் பொறுத்தருள்க.

அக்கார் ஒஸ்ரின் ஏ 40 வகையைச் சேர்ந்த சொமசெற். இக்கல்லூரியிற் பல்லாண்டு கணிதம் கற்பித்து மறைந்த பெருந்தகை ஒருவருடையது. பெயர் கூறாமலே மூத்த மாணவர் அறிவர். காலையில் அது வாயிலிலே திரும்பும் ஓசை கேட்டதும் விளையாட்டுத் திடல் வெறுமையாகிவிடும் என்று அவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பதுண்டு. அவர்தம் மக்கள் அதனைக் கல்லூரிக்கு அன்பளிப்பாகத் தந்தனர். விழா ஊர்வலத்தில் அது தன் வலுவிலேயே ஓடவேண்டும் என்பது சங்கத்தாரின் விருப்பம். அவ்விருப்பத்தில் எமக்கும் உடன்பாடே. எவ்வாறு ஓடச் செய்வது என்பதிலேதான் வேறுபாடு.

இரண்டு யோசனைகள் குழுவின் முன் உள்ளன. ஒன்று, பழைய இயந்திரத்தைக் கழற்றிவிட்டு யப்பானிய இயந்திரம் ஒன்றைப் பூட்டிப் புதுவர்ணம் தீட்டிவிடுவது. மற்றது, வடமராட்சியில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு சொமசெற்றை விலைக்கு வாங்கி, அதன் உறுப்புக்களைக் கழற்றி நம் காருக்குப் பூட்டுவது. இரண்டாவதற்கே ஆதரவு மிகுதி. இவ்விரண்டும் தகா என்பதும், இரண்டாவது முதலாவதினும் தகாதது என்பதும் எமது துணிபு.

சொமசெற் பிறக்கும்போதே அரிய காராகப் பிறக்கவில்லை. இங்கிலாந்தில் பேர்மிங்காம் நகரின் பாங்கரிலுள்ள லோங்பிறிட்ச் தொழிற்சாலையில் 1952 தொடக்கம் 1954 வரை 170,000க்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. நான்கு சிலிண்டர் கொண்ட 1200 கன சென்ரிமீற்றர் இயந்திரம், 42 குதிரைவலு, வளைந்த முதுகு, திருப்புசக்கரத் தண்டிலே பொருத்திய கியர்க்கோல், திரும்பும் வேளையில் பக்கத் தூணிலிருந்து கைபோல் வெளியே நீளும் கைகாட்டி. யாழ்ப்பாணத்து வாடகைக் கார்த் தரிப்பிடங்களில் ஒருகாலத்தில் இத்தகைய ஒஸ்ரின்களே வரிசையாக நின்றன. நம் காரின் இலக்கத்தகடு ஆங்கில எழுத்துக்களால் ஆனது. ஸ்ரீ எழுத்துத் தகடுகள் வருமுன் பதிவானது என்பதற்கு அதுவே சான்று. குழுவில் ஒருவர் அத்தகட்டையும் புதிதாகச் செய்விக்கலாம் என்றார். நல்ல வேளையாக அதனை எவரும் வழிமொழிந்திலர்.

இத்துணைப் பெருகிய கார் அருகியது எவ்வாறு? துரு ஒரு காரணம். ஆயினும் அதுவே முழுக் காரணம் அன்று. 1960களில் அந்நியச் செலாவணி முட்டுப்பட்டு இறக்குமதி ஒடுக்கப்பட்டது. 1977இல் வாயில் திறக்கப்படும்வரை, உள்ளதை வைத்தே ஓட்டவேண்டிய நிலை. நமது கராச்சுக்களின் கைத்திறன் வளர்ந்தது அக்காலத்திலே. பின்னர் 1990இல் வடபகுதிக்குப் பொருட்டடை வந்தது. பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் தடுக்கப்பட்ட பொருள்களாயின. அப்பொழுது யாம் சிறுவர். எமது அம்மான் ஒருவர் வாடகைக் கார் ஓட்டியவர். அவர் சிறிய போத்தலில் வைத்திருந்த பெற்றோலை மருந்துபோல் அளந்து காபிரேற்றரிலே சில துளி விட்டு, இயந்திரம் முழங்கிச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். வீதியெங்கும் வெண்புகையும் மண்ணெண்ணெய் மணமும் பரவும். அமுக்கம் குறைந்த அப்பழைய இயந்திரங்களாதலின் அதனைத் தாங்கின. இக்காலத்து இயந்திரங்களாயின் ஒரு மைலும் ஓடியிரா. தாங்கினவேயன்றி வருந்தாமலும் இருக்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தது, தாங்கிகள் தேய்ந்தன, வால்வுகளிற் கரி படிந்தது. ஒரு கார் முற்றாக ஓய்ந்ததும் அதன் உறுப்புக்கள் இன்னொரு காருக்குச் சென்றன. இரண்டு கார்கள் ஒன்றாயின; பின்னர் மூன்று ஒன்றாயின. இவ்வாறாக, வாழவைக்கும் முயற்சியே எண்ணிக்கையைக் குறைத்தது.

அக்காலத்தில் அங்ஙனம் செய்தோரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. நோயாளியை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்ல ஒரு கார் வேண்டியிருந்தது. இன்னொரு கார் அதற்கு உறுப்பீந்தது. நம் கணித ஆசிரியரின் காரும் தப்பவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபொழுது, அக்கார் ஓடும் நிலையில் இல்லாமையால் வீட்டிலேயே விடப்பட்டது. அடுத்த ஆண்டு குடும்பத்தார் திரும்பியபோது கார் நின்றது. டைனமோவும் விளக்குகளும் கைகாட்டிகளும் இல்லை. "எங்கேயோ ஒரு கார் அதால் ஓடியிருக்கும்" என்று சொல்லி அவ்வீட்டு அம்மையார் அப்பேச்சை முடித்துவிட்டாராம். போர் ஓய்ந்தபின் பழைய இரும்பு வாங்குவோர் ஊரூராக வந்தனர். நின்றவற்றுள் பல அங்ஙனம் சென்றன. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் தளர்த்தப்படும் வரையும் பழைய வாகனத்தின் விலை ஏறியதனால், எஞ்சியவை விலைபேசுவோர் கண்ணிற் பட்டன.

இனி, தேடிய கதையைச் சிறிது கூறுவோம். தொடக்கத்திலேயே யாம் ஒரு தவறு செய்தோம். "ஒஸ்ரின் ஏ 40க்கு நீர்ப்பம்பியும் கிளச்சுத் தட்டும் வேண்டும்" என்று வெளிநாட்டு வணிகர் ஒருவருக்கு எழுதிப் பணமும் அனுப்பினோம். பொதி வந்தது, சுங்கத் தீர்வையும் செலுத்தினோம். பிரித்துப் பார்த்தால் இரண்டும் பொருந்தவில்லை. பிழை எம்முடையதே. ஏ 40 என்பது ஒரு காரின் பெயர் அன்று. 1947இல் வந்த டெவனும் டோசெற்றும் ஏ 40. 1952இன் சொமசெற் ஏ 40. 1954இன் கேம்பிறிட்ச் ஏ 40. 1958இல் இத்தாலிய நாட்டுப் பினின்பரீனா வடிவமைத்துக் கொடுத்த சிறு காரும் ஏ 40. இறுதியிற் கூறியது 948 கன சென்ரிமீற்றர் இயந்திரம் கொண்டது. அதற்குரிய பொருளே எமக்கு வந்தது. பலபொருள் ஒருசொல்லை ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பிக்கும் யாமே அதில் இடறி வீழ்ந்தோம்.

அதன்பின் பெயரை விட்டு இலக்கத்தைப் பற்றினோம். லூக்காஸ் நிறுவனம் செய்த மின்னுறுப்புக்களில் இலக்கமும், பலவற்றிற் செய்த மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்நிறுவனம் ஒஸ்ரினுக்கு மாத்திரமன்றி மொறிசுக்கும் வேறு பல கார்களுக்கும் உறுப்புச் செய்துகொடுத்தது. ஆகவே இங்கே நிலைமை ஒருபொருட் பலசொல்லாகிவிடுகின்றது. சொமசெற் டைனமோ என்று கேட்டால் இல்லையென்பார்; இலக்கத்தைச் சொன்னால் வேறொரு காரின் பெயரெழுதிய பெட்டியிலிருந்து எடுத்துத் தருவார். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் முழுவதும் அலைந்து எமக்குக் கிடைத்த டைனமோ அவ்வாறு கிடைத்ததே. டெவனின் இயந்திர உறுப்புக்கள் பல சொமசெற்றுக்கும் பொருந்தும். இவை பெருந்தொகையாக விற்கப்பட்ட அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இன்றும் சொமசெற் வைத்திருப்போர் உளர். அங்கு வாழும் பழைய மாணவர் இருவர் கொட்டகை கொட்டகையாகத் தேடி, பிஸ்ரன் வளையங்களையும் இயந்திரத்துக்குரிய அடைப்புத் தட்டுக்களையும் பயணிகள் கையில் அனுப்பிவைத்தனர். மொறிஸ் ஒக்ஸ்போட் வைத்திருப்போர் நற்பேறு உடையோர். அதன் வழிவந்த அம்பாசடர் 2014 வரை இந்தியாவிற் செய்யப்பட்டமையால் அவர்களுக்குப் பலவும் கிடைக்கின்றன. சொமசெற்றுக்கு அத்தகைய வழித்தோன்றல் இல்லை. லோங்பிறிட்சிலும் 2005இல் பேரளவு உற்பத்தி ஓய்ந்துபோயிற்று.

கிடையாத உறுப்புக்கு என் செய்வது? இவ்விடத்திலே தமிழாசிரியர் ஒருவர் பேசுவதற்குச் சிறிது உரிமை உண்டென்று எண்ணுகின்றோம். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினர். அவர்கள் செய்த வேலையும் உறுப்புத் தேடும் வேலையே. ஓரேட்டில் இல்லாதது இன்னோரேட்டில் இருக்கும். அவ்வேடு எவ்வூரில் எவர் வீட்டுப் பரணில் உள்ளதென்று தேடிச் செல்லவேண்டும். புறநானூற்றின் 267ஆம் 268ஆம் செய்யுள்கள் இன்றுவரை கிடைத்தில. அவ்விரண்டையும் தாமே பாடிச் சேர்க்கும் புலமை ஐயரவர்களுக்கு இல்லாமலா போயிற்று? அவர் அது செய்யவில்லை. சிதைந்த இடத்தைச் சிதைந்ததாகவே காட்டினார். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லாமலே அந்நூல் வழங்குகின்றது; அதனால் அது நூலாகாமற் போகவில்லை. இன்னும் ஒன்று: அவர்கள் ஏட்டைப் பார்த்துப் பிரதி செய்தனரேயன்றி, ஒருவர் வீட்டு ஏட்டிலிருந்து தமக்கு வேண்டிய இதழைப் பிடுங்கிக்கொண்டு வந்தாரல்லர்.

இதனைக் குழுவிற் கூறியபோது, "மாஸ்ரர், ஏடு றோட்டில ஓடவேண்டியதில்லை" என்றார் ஓர் அன்பர். அவர் கூற்றில் நியாயம் உண்டு. கைகாட்டி இல்லாமற் கார் ஓடும். பிறேக் இல்லாமல் ஓடலாகாது. ஆகவே பிறேக்கிலும் திருப்புசக்கரத்திலும் பழமை பாராட்டல் கூடாதென்பதை யாமும் ஏற்றுக்கொள்கின்றோம். அவற்றின் இறப்பர்க் கிண்ணங்கள் அனைத்தும் புதியனவாதல் வேண்டும். அரிப்புண்ட மாஸ்ரர் சிலிண்டரைக் கடைந்து பித்தளை உறையிட்டு உரிய அளவுக்குக் கொணர்தல் வேண்டும். மற்றவற்றில் முதலில் உள்ளதைத் திருத்துவது, திருத்தவியலாவிடின் தேடுவது, கிடையாவிடின் இங்கேயே செய்விப்பது, செய்தவற்றின் மறைவான பக்கத்தில் ஆண்டைப் பொறித்துப் பதிவேட்டிலும் எழுதிவைப்பது. எது 1952இன் வேலை, எது நம் காலத்து வேலை என்று பின்வருவோர் மயங்கலாகாது.

இங்கே செய்விக்க முடியுமா என்று ஐயுறுவோருக்கு ஒரு செய்தி கூறுவோம். மொறிஸ் மைனர் கார்களை நெடுங்காலம் பேணுவதையே கொள்கையாகக் கொண்டவர் இங்கிலாந்தின் பாத் நகரில் அக்கார்களுக்கென ஒரு நிலையம் நடத்திய சாள்ஸ் வெயார் என்பவர். 1990களில் அவரது கூட்டு முயற்சியால் அக்காரின் உறுப்புக்கள் நம் இலங்கைத் தீவிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. ஆங்கிலேயர் காருக்கு இலங்கையர் கைத்தகடு பொருந்தியதாயின், நம் காருக்குப் பொருந்தாதோ? கடைச்சல் இயந்திரத்தில் அங்குல அளவு மரை வெட்டத் தெரிந்தோர் யாழ்ப்பாணத்தில் இன்னும் சிலர் உளர். கதவோர இறப்பருக்குக் கடல் கடக்கவேண்டியதே இல்லை. இறப்பர் விளையும் நாட்டில் இருக்கின்றோம்.

யப்பானிய இயந்திரம் பற்றிய யோசனையைச் சுருக்கமாகவே நோக்குவோம். அதனால் வயிறு வளர்க்கும் வாடகைக் கார்க்காரர் அவ்வாறு செய்வதை யாம் குறைகூறோம். செலவு குறைவு, எரிபொருளும் மிச்சம். 1953இல் யப்பானின் நிசான் நிறுவனமே இந்தச் சொமசெற்றைப் பொருத்தி விற்கத் தொடங்கிற்று, ஆகவே யப்பானிய இயந்திரம் அதற்கு அந்நியம் அன்று என்று குழுவில் ஓர் இளைஞர் வாதித்தார். கெட்டிக்கார வாதம், யாம் மிக இரசித்தோம். ஆனால் நம் கார் கூலிக்கு ஓடப்போவதில்லை. மண்ணெண்ணெய் தின்று தேய்ந்த அவ்வியந்திரமே அக்காரின் வரலாறு. சிலிண்டர்களைக் கடைந்து பருத்த பிஸ்ரன்களைப் பூட்டினால் அது மீண்டும் ஓடும் என்று மெக்கானிக் ஐயா உறுதி கூறுகின்றார். அதனைக் கழற்றி எறிந்துவிட்டு மேற்றகட்டை மட்டும் ஊர்வலத்திற் கொண்டுசெல்வது, ஆசிரியருடைய சால்வையை வேறொருவருக்குப் போர்த்தி அவரை ஆசிரியரென்று வணங்குவது போலாம்.

எம்மை உறுத்துவது இரண்டாவது யோசனையே. அந்த வடமராட்சிக் காரின் உரிமையாளர் ஓய்வுபெற்ற தபாலதிபர், எண்பது கடந்தவர். வெள்ளிக்கிழமைகளிற் கோயிலுக்கும், மாதம் ஒருமுறை மனைவியாரை மருத்துவமனைக்கும் அக்காரிலேயே கொண்டுசெல்கின்றார். வீட்டுக்கூரை திருத்தவேண்டியிருப்பதால், நல்ல விலை வந்தால் விற்பதற்கு உடன்பட்டுள்ளார். கழற்றுவதற்கே வாங்குகின்றோம் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. யாமும் முதன்முறை சென்றபோது சொல்லவில்லை. அது எம் மனத்தை வருத்திற்று. இரண்டாம் முறை சென்று சொன்னோம். சிறிதுநேரம் பேசாமலிருந்து, "தம்பி, உங்களுக்கு என்னென்ன இல்லை?" என்று கேட்டார். பட்டியலைக் காட்டினோம். "பின் லைற் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுபோய் அச்செடுங்கோ. வெள்ளிக்கிழமைக்கு முன்னம் பூட்டிவிட்டால் காணும்" என்றார். அவ்வாறே அச்செடுத்து வார்த்து, வியாழன் மாலை பூட்டியும் கொடுத்தோம். அவர் காரின் நீர்ப்பம்பி ஒழுகிற்று; டெவனுக்குரிய பம்பி ஒன்று எம்மிடம் மிகையாக இருந்தது; அதனைக் கொடுத்தோம். ஒரே கிழமையில் இரண்டு கார்களும் பயன்பெற்றன. வாங்கிக் கழற்றியிருந்தால் ஒன்று மிஞ்சியிருக்கும்.

பொருட்டடைக் காலத்திற் கார்களைக் கழற்றியோர் வேறு வழியில்லாமற் கழற்றினர். நமக்கு வழி உண்டு. விழா நாள் நெருங்குகின்றது என்பதொன்றே நம் முட்டுப்பாடு. நாளுக்கு முன் ஆயத்தமாகாவிடின் மாணவர் தள்ளிக்கொண்டு போகட்டும். அக்காரை அந்நாளிலும் மாணவர் பலமுறை தள்ளியிருக்கின்றனர் என்று கேள்வி.

காருக்குச் செலவிடும் பணத்தை ஏழை மாணவருக்குக் கொடுக்கலாகாதா என்று வினவுவோரும் உளர். நேர்மையான வினா. புலமைப்பரிசில் நிதியிலிருந்து ஒரு சதமும் இதற்கு எடுக்கலாகாதென்று கூட்டத்திற் பிரேரித்தோர் யாமே, அது நிறைவேறியுமுள்ளது. மேலும் இது மாணவருக்குப் புறம்பான செலவு அன்று. 2013 முதல் உயர்தர வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவு நடைபெறுகின்றது. மெக்கானிக் ஐயா சனிக்கிழமைகளில் வந்து வேலை செய்யும்போது அப்பிரிவு மாணவர் சிலர் அருகில் நின்று அளவெடுக்கின்றனர், படம் வரைகின்றனர். அக்காரின் மின்சுற்றில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்படுவது என்பதை அவர்கள் முதன்முதலில் அங்கேதான் கண்டனர். இக்காலக் கார்களில் அது மாறியுள்ளது. அறியாமல் மாற்றிப் பூட்டியிருந்தால் பஞ்சிகாவத்தையில் தேடிப்பெற்ற டைனமோ கெட்டிருக்கும். மெக்கானிக் ஐயாவுக்கு வயது எழுபத்தாறு. "சாமானைத் தேடிப் பிடிக்கலாம் மாஸ்ரர், இதைப் பூட்டத் தெரிஞ்ச ஆள் இன்னும் எத்தினை வருசத்துக்கு?" என்று அவர் ஒருநாள் கேட்டார். அன்றுமுதல் அவர் சொல்வனவற்றை மாணவர் ஒரு கொப்பியில் எழுதிவருகின்றனர். வேலை விரைந்து முடியாமையால் எமக்குக் கிடைத்த பயன் அது.

ஆகவே சங்கத்தாரிடம் யாம் வேண்டுவது, வடமராட்சிக் காருக்குப் பேசிய விலையைக் கைவிட்டு, அப்பணத்தின் ஒரு பகுதியைக் கடைச்சல் வேலைக்கும் வார்ப்பு வேலைக்கும் ஒதுக்கவேண்டும் என்பதே. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைப் பிரேரணையாகக் கொணர்வோம். வழிமொழிய ஒருவர் வேண்டும்.

இன்னும் கிடையாதவை வருமாறு: இடப்பக்கக் கைகாட்டி ஒன்று, சிமித்ஸ் வேகமானி, முன்மூடியின்மேல் இருக்கும் சிறகுள்ள 'ஏ' எழுத்துச் சின்னம், வலப்பக்கப் பின்கதவின் உட்கைபிடி. தங்கள் வீட்டுப் பரணிலோ கொட்டகையிலோ கிடப்பனவற்றைப் பழைய மாணவர் பார்த்துச் சங்கச் செயலாளருக்கு அறிவித்தால் யாம் நேரில் வந்து பெற்றுக்கொள்வோம். பழுதாயிருப்பினும் குறையில்லை. ஓடும் காரிலிருந்து கழற்றியதாயின் அனுப்பவேண்டாம். அச்செடுக்க இரண்டு நாள் தந்தாற் போதும்.